அட்டை கிழித்த புத்தகங்கள்

— நீங்க எனக்கு வெச்ச வாத்தியார் பேர் என்னப்பா?

— எந்த வாத்தியாரு?

— எனக்குக் கணக்கும் கரண்டு பாடமும் சொல்லிக் குடுத்தவரு. வாரத்துல மூணு நாள் வீட்டுக்கே வந்து போவாராமே. ஆறு வருஷமா நானும் இந்த வீட்லதான் இருக்கேன், ஒரு நாள் கூட அவரப் பார்த்ததில்ல. பேரையாவது தெரிஞ்சுக்கலாமேன்னு கேக்கறேன்.

— என்ன உளர்ற? அந்த நியூஸ்பேப்பர் கட்ட இப்படித் தள்ளு. கயிறு போடணும்.

— கயிறு அப்புறம் போடலாம். பேரச் சொல்லுங்க.

— பாரு, வேல நேரத்துல ஆரம்பிக்காத. லாரி வர்றதுக்குள்ள எட்டு மூட்ட கட்டணும்.

— போன வாரம் திங்கக்கிழம காலையில பத்தரை மணிக்கு காலேஜ்ல இருந்து ஒரு அம்மா உங்களுக்குப் போன் பண்ணாங்களா இல்லையா?

— போனு ஆயிரம் வரும். பழைய பேப்பர் எடுக்கறீங்களான்னு ஊர்ல இருக்கறவன் எல்லாம் கேப்பான். நான் எத ஞாபகம் வெச்சுக்கறது?

— நான் தபாலாபீசு போயிருந்த நேரம். ஏழு நிமிஷம் பேசியிருக்கீங்க. இந்த லெட்டர்ல நேரத்தோட போட்டிருக்கு. ‘எம் பொண்ணுக்கு நல்ல வாத்தியாரா வெச்சு, வீட்டுக்கே வரவழைச்சு சொல்லிக் கொடுத்தேன்’னு சொன்னீங்களா?

— சொன்னேன். இப்ப என்னங்கற? பெத்த பொண்ணப் பத்தி நாலு வார்த்த பெருமையாச் சொன்னா அது ஒரு குத்தமா?

— அம்மா! அம்மா, இங்க வா!

— எதுக்கு அவளக் கூப்பிடற? அவ வேலையப் பாத்துக்கிட்டு இருக்கா.

— வரட்டும். அவளும் கேக்கட்டும். அம்மா!

— என்ன இது, தெரு முழுக்கக் கேக்குது? அடுப்ப அணைச்சேனா இல்லையான்னு கூடத் தெரியல, அப்படியே ஓடி வரேன். என்ன ஆச்சு? யாரு அடிச்சா? ஏன் உன் மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு?

— யாரும் அடிக்கல. அடிச்சிருந்தா பரவாயில்ல. அம்மா, நான் ஒரு பரிச்ச எழுதினேன்.

— பரிச்சையா? நீயா? எப்ப? ஏழாவதுல நின்ன பிள்ளைக்கு எவன் பரிச்ச வைப்பான்?

— போன மாசம். பல்லு வலின்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு.

— அடிப்பாவி! நான் மூணு நாள் உனக்குக் கஞ்சியாக் கரைச்சுக் குடுத்தேனே! அதையும் வாயத் தொறக்காமக் குடிச்சியே!

— இதக் கேளு, இதக் கேளு. பல்லு வலின்னு பெத்தவங்க கிட்டப் பொய் சொல்லிட்டுப் போனவ, நான் சொன்ன ஒத்தப் பொய்க்கு வந்து குதிக்கறா. உம் பொண்ணு எப்பேர்ப்பட்ட யோக்கியம்னு பாத்துக்க.

— என் பொய்யால யாரு என்ன இழந்தாங்க? மூணு நாள் நான் வெறும் கஞ்சி குடிச்சேன், அவ்வளவுதான். உங்க பொய்யால எனக்கு எடம் போச்சு!

— என்ன எடம்டி? ஒண்ணும் புரியல. ரெண்டு பேரும் கத்தாதீங்க. கண்ணு, நீ நிதானமாச் சொல்லு.

— காலேஜ்ல அஞ்சு எடம் ஒதுக்கியிருக்காங்கம்மா. பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டுட்டு, வாத்தியார் யாரும் இல்லாம, தானாப் படிச்சவங்களுக்கு. சர்ட்டிபிகேட்டு வேண்டாம். பரிச்ச மட்டும் பாஸ் பண்ணணும். மூணு வருஷப் படிப்பு. கரண்டு சம்பந்தப்பட்டது. தங்கறதுக்கு ரூமும் அவங்களே குடுக்கறாங்க. எழுதினது இருநூத்திப் பதினோரு பேரு. நான் ரெண்டாவது வந்தேன்.

— ரெண்டாவதா! என்னங்க, கேட்டீங்களா? இருநூறு பேர்ல ரெண்டாவதாம்!

— கேட்டுது, கேட்டுது.

— அப்புறம் நேர்ல கூப்பிட்டாங்க. ரெண்டு வாரம் முன்னாடி உனக்குத் துணி எடுக்கப் போறேன்னு போனேனே, அது இதுக்குத்தான். மூணு பேர் உக்காந்திருந்தாங்க. மொதக் கேள்வியே, ‘என்ன புஸ்தகம் படிச்சே’ன்னு கேட்டாங்க. எனக்கு வாயே வரல.

— ஏன்? நீதான் எந்நேரமும் மூட்ட மேல குந்திக்கிட்டு எதையாவது படிச்சிட்டே கெடப்பியே?

— பேர் தெரியாதும்மா. ஒரு புஸ்தகத்தோட பேர் கூட எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? இந்தக் கடைக்குள்ள ஒரு புஸ்தகம் வந்தா மொதல்ல இவரு என்ன பண்ணுவாரு? ரெண்டு கையாலயும் பிடிச்சு முதுகெலும்ப முறிக்கற மாதிரி வளைச்சு, சரக்குன்னு அட்டையக் கிழிச்சு அந்த மூட்டையில வீசுவாரு. எனக்குக் கெடச்சது எல்லாம் அட்டை இல்லாத தாளுதான்.

— அட்டை வேற மூட்ட, தாள் வேற மூட்ட. தொழில் அப்படி. அட்டையோட போட்டா மில்லுக்காரன் லோடத் திருப்பி அனுப்பிருவான். பெரிய மேதை படிக்கறான்னு நான் பொன் எழுத்துல பேர் போட்டு அலமாரில அடுக்கி வைக்கணுமா?

— ஒரே ஒரு புஸ்தகம், அப்பா. நாலு வருஷம் முன்னாடி, ஒரே ஒரு பச்சை அட்டை புஸ்தகம். கிழிக்காதீங்கன்னு கைய வந்து பிடிச்சேன். ஞாபகம் இருக்கா? என் கையோட சேத்துக் கிழிச்சீங்க.

— லாரி நின்னுட்டு இருந்தது அன்னிக்கு.

— என்னிக்குத்தான் லாரி நிக்கல!

— சரி சரி, விடு. நீ என்ன சொன்ன அவங்ககிட்ட? புஸ்தகம் பேர் தெரியாதுன்னா சொன்ன?

— உள்ளதச் சொன்னேம்மா. ‘நூத்தி நாப்பதாம் பக்கத்தோட நின்னு போற ஒரு புஸ்தகம் படிச்சேன். அப்புறம் அறுபத்தி மூணாம் பக்கத்துல ஆரம்பிக்கற ஒண்ணு. டீ கொட்டினது ஒண்ணு. எலி கடிச்சது ரெண்டு’ன்னு சொன்னேன். ஓரத்துல இருந்தவர் சிரிச்சிட்டாரு. அடக்க முடியாமச் சிரிக்கறாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. எனக்கு எழுந்து ஓடிறலாமான்னு இருந்தது.

— இப்படிச் சிரிப்பாங்கன்னு தெரிஞ்சுதான் நான் அன்னிக்கே சொன்னேன், நமக்கு இதெல்லாம் எதுக்குன்னு.

— நீங்க எங்க சொன்னீங்க? நான் உங்ககிட்டப் பேசவே இல்லையே!

— பொதுவாச் சொல்றேன். பேச்சுக்கு.

— நடுவுல இருந்த அம்மா சிரிக்கல. என் பரிச்சப் பேப்பர எடுத்துக் காமிச்சு, ‘இது என்ன குறி?’ன்னு கேட்டாங்க. அம்மா, ஒரு அளவு மாறிக்கிட்டே போகுதுன்னு வெச்சுக்கோ. அத மொத்தமாக் கூட்டணும்னா அதுக்கு ஒரு குறி போடணும். ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச குறி. ஆனா அது இருக்கற பக்கம் என் புஸ்தகத்துல இல்ல. கணக்கு எனக்குப் புரிஞ்சுது, எப்படி எழுதறதுன்னு தெரியல. அதனால நானா ஒரு கொக்கி போட்டுக்கிட்டேன். நம்ம தராசுல மாட்டற கொக்கி மாதிரி. நாலு வருஷமா அப்படியேதான் போட்டுட்டு வரேன். பரிச்சையிலயும் அதையே போட்டுட்டேன்.

— ஐயையோ. தப்பாப் போச்சா?

— விடை அத்தனையும் சரி. குறி மட்டும் உலகத்துல எங்கயும் இல்லாத குறி. அதப் பார்த்துட்டுத்தான் அந்தம்மா மத்த ரெண்டு பேர்கிட்டயும் சொன்னாங்க: ‘வாத்தியார்கிட்ட படிச்ச பிள்ள இப்படி எழுதாது. மொத நாளே திருத்தியிருப்பாங்க. இவ சொல்றது நெஜம்.’ என் தப்புதாம்மா எனக்குச் சாட்சி சொல்லுச்சு. அந்த எடத்துலயே எனக்கு சீட்டுன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு லெட்டர் அனுப்பறோம்னாங்க. வழக்கமாக் கேக்கறதுதான், பயப்படாதேன்னாங்க. நானும் பயப்படல. எங்கப்பாவுக்கு என்ன தெரியும், ‘ஆமா, மூட்ட மேல உக்காந்து எதையோ படிப்பா’ன்னு சொல்வாருன்னு நெனச்சேன்.

— நீங்க என்ன சொல்லித் தொலைச்சீங்க?

— வாத்தியாரு வெச்சேன்னு சொன்னாரு! வாரம் மூணு நாளாம்! மூணு வருஷமாம்! அவருக்குப் பெரிய மீசையாம்!

— மீசையெல்லாம் நான் சொல்லல.

— மத்ததெல்லாம் சொன்னீங்கல்ல? இப்ப நான் பொய்க்காரி. வாத்தியார்கிட்டப் படிச்சுட்டு, ஏழ மாதிரி நடிச்சு, இன்னொரு பிள்ளையோட எடத்தத் திருட வந்தவ. அப்படித்தான் இந்த லெட்டர்ல எழுதியிருக்காங்க, கொஞ்சம் மரியாதையா. அந்தம்மா எனக்காகப் பேசினாங்களே, அவங்க மூஞ்சியிலயும் கரியப் பூசிட்டீங்க!

— ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா? பிள்ள தானாப் படிச்சான்னு சொல்றது அதவிடப் பெருமை இல்லையா?

— என்ன பெருமை? குப்பையப் பொறுக்கிப் படிச்சான்னு சொல்றது பெருமையா? ‘உங்க பொண்ணு எப்படிங்க இவ்வளவு நல்லாப் படிக்கறா’ன்னு அந்தம்மா தேனாட்டம் கேக்குது. நான் என்ன சொல்றது? ஏழாவதோட நிறுத்தி, அழுக்குப் பேப்பர் பிரிக்க வெச்சேன்னு சொல்றதா? நாலு பேர் கேட்டா காறித் துப்ப மாட்டானா?

— துப்பட்டும்! உண்மைதானே? நீங்க நிறுத்தினது உண்மைதானே?

— குரல எறக்கு.

— எறக்க மாட்டேன். ஆறு வருஷமா எறக்கித்தான் வெச்சிருந்தேன். தாள அமுக்கிக் கட்டற ப்ரெஸ்ஸு மெஷினு, அந்தா மூலையில நிக்குதே, அத ஓட வெச்சது யாரு? மெக்கானிக் மூணு தடவ வந்து மோட்டார் செத்துப் போச்சுன்னு கை விரிச்சிட்டுப் போனாரு. நான் பதினொரு நாள் ஒயர் ஒயராப் பார்த்து, எந்த ஒயர் எங்க போகுதுன்னு வரைஞ்சு, ஓட வெச்சேன். ஊருக்கெல்லாம் என்ன சொன்னீங்க? மெக்கானிக் வந்து சரி பண்ணிட்டுப் போனான்னு சொன்னீங்க! சரி பண்ணாத மெக்கானிக்கு! இப்ப வராத வாத்தியாரு! இந்த வீட்ல நான் பண்றத எல்லாம் எவனோ ஒரு ஆம்பள வந்து பண்ணிட்டுப் போறான்!

— வயசுப் பொண்ணு கரண்டுல கைய விட்டான்னு சொல்ல முடியுமா? என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களா? உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

— எனக்கு எரியுதுப்பா. உங்க நல்லதக் கேட்டாலே எனக்கு அடிவயிறு எரியுது.

— கண்ணு, போதும். லெட்டர்ல வேற என்ன போட்டிருக்கு? அவ்வளவுதானா? வேற வழியே இல்லையா?

— இருக்கு. அதுக்குத்தான் இவ்வளவு நேரம் நின்னு பேசிட்டு இருக்கேன். இன்னிக்கு, புதன்கிழம, சாயங்காலம் நாலு மணிக்குள்ள அப்பா நேர்ல வந்து சொல்லணும். நான் போன்ல சொன்னது பொய், என் பொண்ணுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலன்னு. எழுதிக்குவாங்க. கைநாட்டு வெச்சா போதும். வரலன்னா அடுத்த பிள்ளைக்கு எடம். லெட்டர் போன வாரமே அனுப்பினது, இன்னிக்குத்தான் கைக்கு வந்தது. இப்ப மணி ரெண்டே கால். பஸ்ஸுல ஒரு மணி நேரம்.

— அவ்வளவுதானே! என்னங்க, கெளம்புங்க. கை கால் கழுவுங்க. கடைய நான் பாத்துக்கறேன்.

— நான் எங்கயும் வரல.

— என்னது?

— வரலன்னு சொல்றேன். ரெண்டு பேருக்கும் காது கேக்கலியா? அந்த ஏசி ரூம்ல போயி, மூணு பேர் முன்னாடி கை கட்டி நின்னு, ‘ஐயா, நான் பொய்யன். பெத்த பொண்ணோட படிப்பக் கெடுத்தவன்’னு நானே என் வாயால சொல்லணும். சொல்லிட்டு, படிக்கத் தெரியாத மூதேவின்னு கட்டவிரல நீட்டணும். கேட்டுக்க, இந்த உசுரு இருக்கற வரைக்கும் நடக்காது.

— அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல போய் நின்னீங்களே, அப்ப வெக்கமா இல்லையா? ஹெட்மாஸ்டர் ரூம்ல, என் முன்னாடியே, ‘பொண்ணுக்குப் படிப்பு ஏறல, நிறுத்திக்கறேன்’னு சொன்னீங்க. வகுப்புல நான் மொத ஆளா இருந்தேன்! எனக்குப் படிப்பு ஏறலன்னு சொன்னீங்க! அதுக்கு எவ்வளவு ஈஸியாக் கைநாட்டு வெச்சீங்க!

— எதுக்கு நிறுத்தினேன்னு உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சா வாய மூடு. குடோன் போச்சு. நானும் ஒருத்தனும் சேந்து பதினாறு வருஷம் ரத்தத்தக் கொட்டி எழுப்பின குடோன். ‘லைசன்சு புதுப்பிக்கணும், இங்க ஒரு கைநாட்டு வைங்க மாமா’ன்னான். வெச்சேன். மறுவாரம் என் சாமானையெல்லாம் தூக்கித் தெருவுல போட்டான். மாமாவாம் மாமா. யார் தம்பி அவன்? சொல்லு, உங்கம்மாவக் கேளு.

— எத்தன வருஷம் இதையே சொல்லிக் காட்டுவீங்க? எந் தம்பி பண்ணின துரோகத்துக்கு எம் பொண்ணு தலையில ஏன் கல்லத் தூக்கிப் போட்டீங்க?

— வேற யார நம்பறது நான்? உனக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னொருத்தன வெச்சா அவனும் ஏமாத்துவான். பெத்த பொண்ணு ஏமாத்த மாட்டா. அதான் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சேன். வர்ற தாள் ஒவ்வொண்ணையும் படிச்சுச் சொல்லுன்னேன். அதுல என்ன தப்பு?

— நான் என்ன உங்க மூக்குக் கண்ணாடியா? வேணும்கறப்ப எடுத்து மாட்டிக்கிட்டு, மத்த நேரம் மூட்ட மேல வெச்சிக்கறதுக்கு?

— என்ன வேணா வெச்சுக்க.

— அன்னிக்கு எங்கிட்ட என்ன சொன்னீங்க? ‘ஒரு வருஷம் இரு, நானே நாலு எழுத்து கத்துக்கறேன், அப்புறம் நீ போயிடலாம்’னு சொன்னீங்க. நான் நம்பினேன். பதிமூணு வயசு. தெனம் சாயங்காலம் சிலேட்ட எடுத்துட்டு வந்து உக்காருவேன், உங்களுக்குச் சொல்லிக் குடுக்க. ரெண்டாவது வாரமே அந்தச் சிலேட்டத் தூக்கி அடிச்சீங்க. ‘இந்த வயசுல எனக்கு இது ஏறாது’ன்னீங்க.

— ஏறல. என்ன பண்ணச் சொல்ற?

— நான் என்ன பண்ணினேனோ அதப் பண்ணச் சொல்றேன்! எனக்கு மட்டும் தானா ஏறுச்சா? ஒவ்வொரு பக்கத்தையும் இருபது தடவ படிச்சேன். புரியலன்னா கேக்கறதுக்கு ஆளில்ல. பாதியில தாள் இல்லன்னா, மீதி என்னவா இருக்கும்னு நானே யோசிச்சு யோசிச்சு எழுதிப் பார்ப்பேன். ஒரு வருஷம் கழிச்சு வேற மூட்டையில அதே பக்கம் வரும். எடுத்துப் பார்த்தா நான் எழுதினது சரியா இருக்கும். அந்த நேரம் எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு? கத்தணும் போல இருக்கும். யார்கிட்டச் சொல்றது? நீங்க அந்தப் பக்கம் அட்டையக் கிழிச்சிட்டு இருப்பீங்க.

— கண்ணு… நீ இதெல்லாம் எங்கிட்டக் கூடச் சொல்லலியே.

— உனக்கு என்னம்மா புரியும்? திட்டலம்மா. அழாத. நீ அழுதா எனக்கு இன்னும் கோவம் வருது.

— ஏங்க, உங்க கால்ல விழறேன். ஒரு மணி நேரம். போய்ச் சொல்லிட்டு வந்திருங்க. அவமானம் உங்களோட போகும், பிள்ளைக்கு ஒரு வாழ்க்க கெடைக்கும்.

— வாழ்க்க கெடைக்குமா? சரி. அவ போறா. மூணு வருஷம் அங்க ரூம் எடுத்துத் தங்கறா. மில்லுல இருந்து புது ஒப்பந்தம் வந்திருக்கு. ஆறு பக்கம். வெள்ளிக்கிழம கையெழுத்து. யாரு படிப்பா? நீ படிப்பியா?

— பக்கத்துக் கடையில யாரையாவது…

— பக்கத்துக் கடைக்காரன் என் எடத்துக்கு அலையறான்! அவன்கிட்டக் கொண்டு போய் என் தாளக் குடுக்கச் சொல்றியா? குடோன் போன அன்னிக்கு மழையில நீயும் நானும் தெருவுல நின்னோம். இந்தத் தடவ கட இல்ல, வீடே போகும். மேல இருக்கற ரெண்டு ரூமும் கடைப் பத்திரத்துலதான் இருக்கு. போகச் சொல்லு உம் பொண்ண. பெரிய படிப்புப் படிச்சிட்டு வந்து, அப்பனும் ஆத்தாளும் எந்த ரோட்டோரத்துல படுத்திருக்காங்கன்னு தேடட்டும்.

— இப்படிப் பேசாதீங்க.

— உள்ளதச் சொல்றேன். கேட்டுக்க, மேதை. நீ போனா ஒரு வருஷம் தாங்காது இந்தக் கட. எவனாவது ஒரு தாள நீட்டுவான், நான் கட்டவிரல வைப்பேன், முடிஞ்சது கத. போ. பஸ்ஸப் பிடி. நான் வராட்டியும் நீயே போய் அழுது கேளு. உன்ன யாரு பிடிச்சு வெச்சா?

— அந்த ஒப்பந்தத்த நேத்து நான் படிச்சேன். நாலாவது பக்கத்துல ஒரு வரி இருக்கு. ஈரத்தாள் வந்தா மொத்த லோடுக்கும் காசு கெடையாதுன்னு. நீங்களாப் பாத்திருந்தா கைநாட்டு வெச்சிருப்பீங்க.

— பாத்தியா? நீயே சொல்ற.

— ஆமா. நானே சொல்றேன். நீங்க சொல்றதுல இது ஒண்ணு மட்டும் நெஜம். நான் போனா உங்கள மொட்டை அடிச்சிருவானுங்க.

— கண்ணு, நீ அதெல்லாம் யோசிக்காத. நாங்க எப்படியோ…

— எப்படியோன்னா எப்படிம்மா? நீ மழையில நின்னப்ப உனக்குக் காய்ச்சல் வந்து இருபது நாள் எழுந்திருக்கல. எனக்கு அது மறக்கல. மறுபடியும் அதப் பாக்கறதுக்கு நான் படிக்க வேண்டாம்.

— அப்படின்னா?

— நான் போகல.

— அடியே!

— போகலம்மா. நிறுத்து. முடிஞ்சு போச்சு. அப்பா, இன்னொண்ணும் சொல்லிடறேன், இல்லன்னா ராத்திரியெல்லாம் அரிக்கும். உங்க மேல இவ்வளவு கத்தினேன். தப்பு பாதி என்னோடது. அந்தக் காலேஜு நோட்டீச நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டவே இல்ல. தலையணைக்குள்ள ஒளிச்சு வெச்சேன். தடுத்திருவீங்களோன்னு பயம். படிச்சுக் காட்டியிருந்தா, வாத்தியார் இல்லாதவங்களுக்குத்தான் எடம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பொய்யச் சொல்லியிருக்க மாட்டீங்க. தெரியாமச் சொன்னதுக்கு உங்களக் காறித் துப்பற மாதிரி பேசிட்டேன். எழுத்து தெரியாத மனுஷன் கிட்ட நோட்டீச ஒளிச்சு வெச்சுட்டு, ஏன் தெரியலன்னு கேட்டா எப்படி?

— என்னங்க, பிள்ள உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறா. உங்ககிட்ட! வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுங்க!

— விடும்மா. கயிறு எங்க? எட்டு மூட்ட கட்டணும்னு சொன்னாரு. இந்த லெட்டரு எந்த மூட்டைக்குப் போகும்? வெள்ளத்தாள்தானே? போட்டுடறேன்.

— அதப் போடாத.

— ஏன்? நல்ல தடிமனான தாளு. அட்டை கூடக் கிழிக்க வேண்டாம்.

— எங்கிட்டக் குடு.

— உங்களுக்கு எதுக்கு?

— குடுன்னு சொல்றேன்ல. … ‘வி… விண்ணப்பதாரர்… எந்த ஆசிரியரின்… உதவியும் இன்றி…’

— அப்பா?

— ‘…தாமே பயின்றதாகக்… கூறியதும், அவருடைய தந்தை… தொலை… தொலைபேசியில் கூறியதும்…’

— என்னங்க! என்னங்க இது?

— நடுவுல பேசாத, வரி மாறிடுது. ‘…ஒத்துப்போகாததால்… வரும் புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள்… தந்தை நேரில் வந்து…’

— எப்ப இருந்து?

— மூணு வருஷம் ஆச்சு. நீ எனக்குப் படிச்சுக் காட்டறப்ப விரல வெச்சுக்கிட்டே போவ. அந்த விரல் பின்னாடியே நானும் போனேன்.

— மூணு வருஷமா! மூணு வருஷமாப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டே என்ன இந்தத் தராசுல கட்டிப் போட்டு வெச்சிருந்தீங்களா? அப்ப அந்த ஒப்பந்தம்?

— நாலாம் பக்கம் நானும் பாத்தேன்.

— அப்ப… அந்த நோட்டீசு? என் தலையணைக்குள்ள இருந்தது?

— படிச்சேன். கீழ பொடி எழுத்துல இருந்ததையும் விடாமப் படிச்சேன். படிச்சுட்டுத்தான், நீ போயிடக் கூடாதுன்னு, அந்தம்மாகிட்ட வாத்தியார் வெச்சேன்னு சொன்னேன். என் சட்டைய எடு, பஸ்ஸு போயிரும்.